சோபாவில் ஈரம்

செவ்வாய், இரவு.

எங்கள் நாய் மணியை என் தம்பியின் சேவுகம்பட்டித் தோப்புக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. சோபாவில் மூத்திரம் போகிறான் என்று நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். வினிகர் தண்ணீரில் ஒற்றி, சோடா உப்பைத் தூவி, மெத்தையை மொட்டை மாடியில் காயவைத்து ஒருவழியாக நாற்றத்தைப் போக்கியிருந்தேன்.

இன்று மத்தியானம் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். நாய் இல்லாத வீட்டில் எப்படி என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். பின்னால் என் மாமனார் வந்து நின்றார். ஈர வேட்டியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அது மணி இல்ல தாயி. எப்பவும் நான்தேன். எந்திரிக்கிறதுக்குள்ள போயிருது. மருமககிட்ட எப்படிச் சொல்றது..."

வேட்டியை வாங்கி வாளியில் போட்டேன்.

"டாக்டரப் பாப்போம் மாமா. இதுக்கு மருந்து இருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "மணியக் கூட்டியாந்துருவோமா?" என்றார்.

தம்பிக்குப் போன் செய்தேன். "அது முந்தாநாளே கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சுக்கா. தேடிக்கிட்டுத்தேன் இருக்கோம். நீ வருத்தப்படுவேன்னு சொல்லல" என்றான்.

அனுப்புவதற்கு முன் ஒரு நாள் இதே ஈரத்துக்காக மணியைத் துடைப்பத்தால் அடித்தேன். அவன் ஓடக்கூட இல்லை, என் காலடியிலேயே படுத்துக்கொண்டான். "விடு தாயி, வாயில்லா ஜீவன்" என்று மாமா உள்ளேயிருந்து சொன்னார். மாமாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார்.

சாப்பிடும்போது, "மணி எப்ப வாரான்?" என்று கேட்டார்.

"நாளைக்கிப் போயி கூட்டியாரேன் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.