புளுகுப் பாறையின் முதல் வரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், உன் மாப்பிள்ளை நலம், நானும் நலம். என் இடது கட்டை விரலில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கூட வரும் பொட்டலத்தைக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாறை என்று நான் ஆரம்பித்தாலே, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று நீ போனை வைத்துவிடுவாய். பத்தொன்பது வருஷமாக உன் அடுப்பில் அந்தப் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது.

முதலில் அம்மா. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இரண்டு வாரம் குனியக் கூடாது, படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குனியாமல் இருந்துவிட்டாள். படிக்காமல் எப்படி? மூன்றாம் நாளே உன் கடிதம் வந்தது. உறையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நீ அம்மாவுக்கு எழுதும் கடிதம் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. படித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். செய்தி மட்டும்தான் எனக்கு வரும்.

ஒவ்வொரு வரியிலும் மை இழுபட்டிருந்தது. நீ எழுதிக்கொண்டே போக, உன் இடது உள்ளங்கை பின்னாலேயே வந்து ஈரத்தைத் தேய்த்திருக்கிறது. ஒரே மேஜையில் வீட்டுப்பாடம் எழுதும்போது உன் இடது முழங்கை என் வலது முழங்கையை இடித்து நாம் போடாத சண்டையா? நான் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். கெட்ட செய்தியா என்று அம்மா பதறினாள். இல்லைம்மா, அண்ணன் இடது கைக்காரன் என்றேன். ஆபரேஷன் எனக்குத்தானே நடந்தது, உனக்கு என்னடி ஆச்சு என்று கேட்டாள்.

நீ போன பிறகு அந்தப் பாறைக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நீ விரும்பவில்லை. எவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டால் இன்னமும் எனக்குச் சொல்லக் கூச்சம். இரண்டு ஆள் உயரம், ஆறே ஆறு பிடி. கயிறு கிடையாது, கீழே ஒரு மெத்தை, விழுந்தால் தாங்கிக்கொள்ள ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த ஆறு பிடிக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ஆறு மெத்தைகளோடு வந்தார். பெரிய பெரிய போட்டிகளில் ஜெயித்தவர். நாற்பது நாள் கூடாரம் போட்டுத் தங்கினார். நான்காவது பிடிவரை பூனை மாதிரி போவார். அதற்கு மேலே உதடு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் பாறை விளிம்புக்குக் கையை வீசுவார், பொத்தென்று வந்து விழுவார். நாற்பத்தோராம் நாள், இது மனிதர் ஏறுகிற பாறை இல்லை என்று சொல்லி மெத்தைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு நர்ஸ் வந்தாள். அவளைவிட அழகாக ஏறுகிறவரை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் லீவு நாளெல்லாம் வந்து, கடைசியில் விரல் நரம்பு அறுந்து ஊர் திரும்பினாள். படம் எடுக்க வந்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். வந்த எல்லோரும் உன் கதையைக் கேட்டார்கள், கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். புளுகுப் பாறை என்ற பெயர் அவர்கள் வாயில்தான் நிலைத்தது.

நான் சிரிக்கவில்லை அண்ணா. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை.

அன்று நடந்தது உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் உன்னோடு சண்டை போட்டேன். நீ விழுந்தால் தாங்க எப்போதும் நான்தான் கீழே கையேந்தி நிற்க வேண்டுமா, என் முறை எப்போது வரும் என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றாய். போன வாரமும் அதையேதான் சொன்னாய். மறுநாள் காலையில் நீ கதவைத் தட்டினாய், நான் எழுந்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. நீ ஒற்றை மெத்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாய். பத்து மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நின்று, ஏறிவிட்டேன் என்றாய். உதட்டுக்குப் பின்னால் கட்டை விரல் போகிற குழி ஒன்று இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அன்று சாயங்காலம் நம் பாறையேறும் குழு கூடியது. குழுவின் நோட்டை அப்போதும் மூத்தவரான தச்சர்தான் வைத்திருந்தார். பாறை, ஏறியவர், தேதி, பார்த்தவர் என்று நான்கு கட்டங்கள். யார் பார்த்தது என்று அவர் கேட்டதில் தப்பில்லை, அதுதான் நம் வழக்கம். நீ என்னைப் பார்த்தாய். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கலையே" என்றேன்.

உண்மைதான். ஆனால் அதோடு இன்னொரு வரியும் சொல்லியிருக்கலாம், எங்கள் அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று. கோபத்தில் விட்டுவிட்டேன். இன்னொரு தடவை ஏறிக் காட்டு என்றார் தச்சர். நான் சொன்னால் போதாதா என்று கேட்டுவிட்டு நீ எழுந்து போனாய். அடுத்த மாதமே வேலை கிடைத்ததென்று ஊரை விட்டும் போனாய்.

அவர்கள் தேடாமல் இல்லை. நீ போன பிறகு மேலிருந்து கயிற்றில் இறங்கி, உதட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்கள். நானும் இறங்கினேன். எல்லோரும் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால்தான் தேடினோம். குழி இல்லை என்று சொல்லிவிட்டோம்.

மை இழுபட்ட உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வலது கை மேலே, இடது கை கீழே வைத்து ஆரம்பிக்க வேண்டும் என்று தச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், அதனால் நீயும் எங்களோடு அப்படியேதான் முயன்றாய். தனியாகப் போன அன்று உன்னைக் கேட்க யாருமில்லை. உன் கைக்கு வாகாக, இடது கையை மேலே வைத்து ஆரம்பித்திருப்பாய். அப்படிப் போனால் உதட்டுக்கு வருவது இடது கை; அதன் கட்டை விரல் வளைகிற பக்கத்தை எங்கள் வலது கை தொட்டே இருக்காது. அது உனக்கு இயல்பு, ஒரு விஷயமாகச் சொல்லவே தோன்றியிருக்காது. ஏறி முடித்ததும், வழக்கப்படி, கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடியின் தடங்களைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வந்தாய். துடைக்காமல் வந்திருந்தால் உன் கைத்தடமே சாட்சி சொல்லியிருக்கும். ஒழுங்காக இருந்து கெட்டவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

நான் பதினோரு வருஷமாக அந்தப் பாறையோடு மல்லுக்கட்டுகிறேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. உன் மாப்பிள்ளைக்கு பஸ் ஓட்டாத ஞாயிற்றுக்கிழமையெல்லாம் எனக்குக் கீழே கையேந்தி நிற்பதுதான் வேலை. இவள் எத்தனை கிலோ என்று எடை மெஷினைவிட எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார். இப்போது எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிப் பழக வேண்டியிருந்தது. நாற்பத்துமூன்று வயதில் இடது கையால் பல் துலக்கி, இடது கையால் கதவைத் திறந்து, இடது கையாலேயே தொங்கிப் பழகினேன். ஏழு வாரம் ஆயிற்று.

போன ஞாயிறு காலை நல்ல குளிர். தச்சரை வரச் சொல்லியிருந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. நோட்டு மட்டும் வேண்டும் என்றேன். இடது கையை மேல் பிடியில் வைத்ததும், தப்பும்மா என்று பின்னாலிருந்து சொன்னார். நான் திரும்பவில்லை. நான்காவது பிடிக்கு வலது கை போனது. குதிகாலை மேலே மாட்டினேன். இடது கை தானாக உதட்டுக்குப் போனது. விரல்கள் மேலே படிந்தன, கட்டை விரல் பின்பக்கம் சுற்றிப் போனது.

போனது அண்ணா. முழுசாக உள்ளே போனது. நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன மாதிரியே.

அதற்குப் பிறகு என்னைக் கீழே தள்ள யாராலும் முடிந்திருக்காது. மேலே ஏறி உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், அழுதேன், உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கீழே உன் மாப்பிள்ளை இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார், இறக்க மறந்துவிட்டார்.

தச்சர் பழக்கதோஷத்தில் தடங்களைத் துடைக்கப் பிரஷ்ஷை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். பாறையில் இடது கைத் தடம், வலது கைத் தடம், மறுபடி இடது கை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிரஷ்ஷைத் திரும்பப் பையில் போட்டார்.

"நான் பாறையப் பாத்தேன்மா. உங்கண்ணன் கையப் பாக்கல" என்றார். மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நோட்டில் அந்தப் பாறையின் பக்கம் பத்தொன்பது வருஷமாகக் காலியாகவே கிடந்தது. தச்சர் முதல் வரியில் உன் பெயரையும் நீ ஏறிய நாளின் தேதியையும் எழுதினார். இரண்டாவது வரியில் என் பெயர். இரண்டாவதாக வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். உன் வரியில் பார்த்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். அன்று உன்னோடு வந்திருக்க வேண்டியவள் நான். அதனால் என் பெயரையே எழுதினேன். நான் பார்க்கவில்லைதான், ஆனால் இனி யார் கேட்டாலும் அப்படிச் சொல்லப்போவதில்லை.

பாறைக்கும் வேறு பெயர் வைக்க வேண்டுமாம். முதலில் ஏறியவன்தான் வைக்க வேண்டும், அதுதான் முறை என்று தச்சர் சொல்லிவிட்டார். உன் பதிலுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. மறுநாள் தச்சரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வேலை பார்க்கும் பல் செட் கூடத்திலிருந்து அச்சுப் பசையைக் கொண்டுபோய், அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தி, பல்லுக்கு அச்சு எடுப்பது போலவே எடுத்தேன். அதை வைத்துப் பிளாஸ்டரில் வார்த்திருக்கிறேன். பாறையில் இருப்பதற்கும் இதற்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்காது, என் வேலை சுத்தம் என்று உனக்குத் தெரியும். எனக்கு அந்தக் குழி கொஞ்சம் லூஸ்.

உன் இடது கட்டை விரலை அதில் வைத்துப் பார் அண்ணா. வைத்துவிட்டு ஊருக்கு டிக்கெட் எடு. இந்தத் தடவை நீ கதவைத் தட்டும்போது நான் எழுந்திருப்பேன்.

இப்படிக்கு,
கீழே கையேந்தி நிற்கக் காத்திருக்கும்
உன் தங்கை