நாயக் இல்லை, நாயப்

22 ஜூன் 2025, ஞாயிறு

முதுநகர் மீன் மார்க்கெட்டில் சங்கரா நன்றாகக் கிடைத்தது. குழம்பு வைத்தேன். உப்பு ஜாஸ்தி என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பிட்டு எழுந்ததிலிருந்து மூணு பேரும் மாத்தி மாத்தி தண்ணி குடிக்கிறோம்.

எங்க மகள் சமீரா நிக்காஹ் பத்திரிகைக்கு அச்சகத்திலிருந்து மாதிரி வந்துவிட்டது. பெண்ணின் அத்தா பேருக்கு முன்னால் 'நாயப் சுபேதார் (ஓய்வு)' என்று போடச் சொன்னது நான்தான். "எதுக்கு முபீனா, ஹிதாயத்துல்லான்னு பேரு மட்டும் போட்டா போதாதா?" என்றாங்க என் வீட்டுக்காரவுங்க. போதாது என்றேன். சிதம்பரத்துச் சம்பந்தி பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, ஹஜ்ஜுக்குப் போய் வந்ததற்காகப் பேருக்கு முன்னால் அல்ஹாஜ் போடுகிறார். இருபத்து நாலு வருஷம் பனியிலும் மணலிலும் நின்ற மனுஷன் தன் ரேங்கைப் போடக் கூடாதா?

மாப்பிள்ளை தவ்ஹீத் நல்ல பிள்ளை. அவன் அத்தா பக்கிரி முகம்மது அண்ணன்தான் பேசவே மாட்டார். கேட்டதற்கு "ம்" வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது.

26 ஜூன், வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கல்யாணப் பிள்ளைகளுக்கு ஃபிரிட்ஜ் பார்க்கலாம் என்று மிலிட்டரி கேன்டீனுக்குப் போனோம். சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தாங்க. வாசலில் கார்டு பார்ப்பவர் அறிவழகன், இவரும் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர்தான். சமீரா அத்தாவுக்குப் போன மாசம் புதுக் கார்டு வந்தது. வாங்கி பர்ஸில் வைத்ததோடு சரி, யாரும் படித்துப் பார்க்கவில்லை. அறிவழகன் அதை மெஷினில் வைத்துவிட்டுச் சத்தமாகப் படித்தார்: "நாயக் ஹிதாயத்துல்லா... என்ன சார், நாயக்குன்னு வருது?"

நாயக் என்றால் கையில் ரெண்டு பட்டை. அதற்கு மேலே ஹவில்தார். அதற்கும் மேலேதான் நாயப் சுபேதார், தோளில் நட்சத்திரம். இதெல்லாம் கேன்டீன் க்யூவில் நிற்கிற அத்தனை பேருக்கும் அத்துப்படி. பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். "வாய்ல ஒரு ரேங்க், கார்டுல ஒரு ரேங்க் போல." அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

அவுங்க கார்டை வாங்கிப் பார்த்தாங்க. திருப்பிப் பையில் வைச்சாங்க. "இன்னொரு நாள் வாங்கிக்கலாம்" என்று நடந்துவிட்டாங்க.

சம்பந்தி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வாயே திறக்கவில்லை. அவர் வீட்டம்மா மட்டும் என் காதோரமாகக் கேட்டாங்க, "ஏன் மதினி, நாயக்குன்னா நாயக்கரா? அண்ணன் அந்த வழியா?" இதற்கு அழுவதா சிரிப்பதா?

27 ஜூன், வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தாங்க. சாப்பிட்டாங்க. சிப்காட் கம்பெனியில் செக்யூரிட்டி வேலை, இன்றைக்கு ரெண்டாவது ஷிஃப்ட், போய்விட்டாங்க. 

30 ஜூன், திங்கள்

முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்துக்கு நான் ஒருத்தியே போனேன். கூப்பிட்டும் அவுங்க வரவில்லை. அங்கே ஜான்சி என்று ஒரு மேடம். உள்ளே போனதுமே ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டு, "மூச்சு வாங்குதே, முதல்ல தண்ணி குடிங்கம்மா" என்றாங்க. அல்லாஹ் அவுங்களை நல்லா வைக்கட்டும். படபடவென்று கத்திவிட வேண்டும் என்று போனவள், அந்தத் தண்ணியிலேயே அடங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாங்க. இங்கிலீஷில் நாயப் சுபேதாரைச் சுருக்கி 'Nb Sub' என்று எழுதுவாங்களாம். நாயக் வெறும் 'Nk'. பழைய பேப்பரை எல்லாம் வடக்கே ரெக்கார்டு ஆபீஸுக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றினவர் யாரோ, b போட வேண்டிய இடத்தில் k போட்டு, பின்னால் இருந்த Sub-ஐ விழுங்கிவிட்டார். தேதியும் குளறுபடி. 2012 பிப்ரவரி பதினொன்றை 11-02 என்று எழுதியிருப்பதை, 02-11 என்று புரட்டிப் போட்டு நவம்பர் ஆக்கியிருக்கிறார்கள். அவுங்க ரிட்டையர் ஆனது ஆகஸ்ட். அதாவது வீட்டுக்கு வந்து லுங்கி கட்டின பிறகு ப்ரமோஷன்! யார் பார்த்தாலும் கள்ளக்கணக்கு என்றுதானே நினைப்பான்.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லித் தரும்போது, ஒரு புள்ளி இடம் மாறினாலும் எழுத்தே வேறு என்று தினம் தொண்டை கிழியக் கத்துகிறேன். இவர்களுக்கு யாரும் கத்தவில்லை போலிருக்கிறது.

"ப்ரமோஷன் ஆர்டர் காப்பி இருக்காம்மா?" என்று கேட்டாங்க ஜான்சி. 2015 வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு ஊறிப் போனதைச் சொன்னேன். "பரவாயில்லை, ரெக்கார்டு ஆபீஸ்ல அசல் இருக்கும். சார் ஒரு மனு எழுதிக் கையெழுத்து போட்டா போதும், மீதிய நான் பாத்துக்கறேன். ஆனா சார்தான் போடணும்."

சார்தான் போடணும். அங்கேதான் சிக்கல்.

1 ஜூலை, செவ்வாய்

மாட்டேன் என்கிறாங்க.

"நான் நாயப் சுபேதார்தாங்க, நம்புங்கன்னு நானே மனு எழுதணுமா? என் ஆளுங்க முன்னாடி நின்னேன், அவுங்க சல்யூட் அடிச்சாங்க. அது போதும் எனக்கு."

"உங்களுக்குப் போதும் மச்சான். நாளைக்குச் சம்பந்தி வூட்டுல நம்ம பொண்ணைப் பார்த்து, உங்க அத்தா பொய் சொன்னாராமேன்னு கேட்டா அவ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பா?"

 சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாங்க.

அந்த நட்சத்திரத்தை அவுங்க போட்டிருந்தது ஆறு மாசம்தான். அந்த வருஷம் எனக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். சமீராவுக்குப் பதினொரு வயசு, பார்த்துக்க ஆள் இல்லை. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தும், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துட்டாங்க. நான் அந்த யூனிஃபார்மில் அவுங்களைப் பார்த்ததே இல்லை. ஃபோனில் சொன்னாங்க, அவ்வளவுதான்.

ஃபோனில் சொன்னாங்க... அப்போ...

சீ! என்ன புத்தி இது. அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும். எனக்கே ஒரு நிமிஷம் இப்படித் தோன்றினால் ஊர்க்காரனை என்ன சொல்ல?

6 ஜூலை, ஞாயிறு

சிதம்பரத்திலிருந்து ஃபோன் இல்லை. வாரம் தவறாமல் ஞாயிறு காலையில் பேசுகிற சம்பந்தி வீட்டம்மாகூடப் பேசவில்லை. சமீரா தவ்ஹீதிடம் கேட்டாளாம். "அத்தா எதுவும் சொல்லலை" என்றானாம். அந்த மனுஷன் என்றைக்குத்தான் எதையாவது சொன்னார்! சமீரா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறாள்.

கறிக்கடையில் பக்கத்துத் தெரு பொம்பளை "உங்க வூட்டுக்காரர் நாயக்காமே" என்று இழுத்தாள். வந்ததே எனக்குக் கோபம்! "ஆமாண்டி, நீ போய் மெடல் வாங்கிட்டு வா, பார்ப்போம்" என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்தால் அவுங்க அச்சகத்துக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருக்காங்க. "பேருக்கு முன்னாடி இருக்கறதை எடுத்துடுங்க தம்பி. ஆமா, வெறும் பேரு." குரலில் ஒன்றுமே இல்லை. கடையில் அரிசி சொல்கிற மாதிரி சொன்னாங்க.

அடுப்படியில் நின்று அழுதேன்.

11 ஜூலை, வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம். சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாங்க பக்கிரி முகம்மது அண்ணனும் அவர் வீட்டம்மாவும்.  நிச்சயத்தை முறிக்கத்தான் வந்திருக்காங்க என்றே முடிவு கட்டிவிட்டேன். சமீரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் உட்கார்ந்தார். கையில் ஒரு கட்டு. பிரித்து ஒன்றை எடுத்து அவுங்களிடம் நீட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை, அச்சடித்தாகிவிட்டது. அவுங்க படித்தாங்க. படித்துக்கொண்டே இருந்தாங்க. எவ்வளவு நேரம் படிப்பது? நான் போய் எட்டிப் பார்த்தேன்.

'கடலூர் முதுநகர் நாயப் சுபேதார் (ஓய்வு) அ. ஹிதாயத்துல்லா அவர்களின் அன்பு மகள்...'

"கார்டுல வேற மாதிரி இருக்கறதை நீங்களே பாத்தீங்களே சம்பந்தி?" என்றாங்க அவுங்க.

"கார்டு எவனோ அடிச்சது. சொன்னது நீங்க."

இவ்வளவுதான் பேசினார். பிறகு தட்டிலிருந்த சமோசாவை எடுத்துக் கடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பதினஞ்சு நாளா ஒரு ஃபோன் இல்லையே அண்ணே, நாங்க இங்க செத்துப் பொழைச்சோம்" என்று கேட்டே விட்டேன். மனுஷன் திருதிருவென்று முழிக்கிறார். "நான் எப்பவும் இப்படித்தானே?" அவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நான் என்னத்த சொல்ல மதினி, நாயக்கர்னு கேட்டு உங்க மனச நோவடிச்சிட்டேனோன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நானும் பேசாம இருந்துட்டேன். இவரு அச்சாபீசுக்குப் போனதுகூட எனக்கு நேத்துதான் தெரியும்" என்றாங்க. நான் சிரித்த சிரிப்பில் சமீரா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அவுங்க பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாங்க.

"முபீனா, அந்த மனுவை என்னன்னு எழுதணும்னு சொன்னாங்க அந்த மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவுங்களே சொன்னாங்க. "ஊருக்கெல்லாம் குடுக்கப் போறாரு இதை. என்னை நம்பி அடிச்சவரு நாளைக்குப் பொய்யனா ஆவக் கூடாது."

14 ஜூலை, திங்கள்

ரெண்டு பேரும் போனோம். அவுங்க சர்வீஸ் நம்பரை எதையும் பார்க்காமல் எழுதினாங்க. எழுதும்போது முதுகு நேராக நிமிர்ந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஜான்சி மேடம் அன்றைக்கே அனுப்பிவிட்டாங்க. "நாளாகும் சார். ஆனா வரும்" என்றாங்க.

திரும்புகிற வழியில் நம்ம அச்சகத்துக்குப் போனேன். எடுத்ததைத் திரும்பப் போடச் சொன்னேன். "முடிவா சொல்லுங்கம்மா" என்கிறான் அந்தப் பையன். முடிவுதான்!

9 ஆகஸ்ட், சனி

ஒன்றும் வரவில்லை. சமீராவின் ஜாக்கெட் தையல் வந்தது, அதுவும் தப்பு.

14 செப்டம்பர், ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அழக் கூடாது என்றிருந்தேன். ஹஜ்ரத் துஆ ஓத ஆரம்பித்ததுமே போச்சு.

கார்டு இன்னும் நாயக்தான். மண்டபத்தில் ஒருத்தரும் கார்டு கேட்கவில்லை.

அறிவழகன் வந்திருந்தார். அவுங்க கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் அவ்ளோ சத்தமா படிச்சிருக்கக் கூடாது சார்" என்று தலையைக் குனிந்தார். அவுங்க அவரை இழுத்து உட்கார வைத்துப் பிரியாணியை மேலும் மேலும் போட்டாங்க. போதும் சார், போதும் சார் என்று அந்த மனுஷன் இலையை மறைக்கிறார். நல்ல மனசு ரெண்டு பேருக்கும்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது பக்கிரி முகம்மது அண்ணன் என்னிடம் வந்தார். "பொண்ணைப் பாத்துக்கறோம்" என்றார். அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

23 அக்டோபர், வியாழன்

காலையில் ஜான்சி மேடம் ஃபோன். "அம்மா, வந்துடுச்சு!" என்னைவிட அவுங்களுக்கு சந்தோஷம். இனிப்பாகத் தம் அடை செய்து எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் போனோம். சிதம்பரத்திலிருந்து சமீராவும் மாப்பிள்ளையும் வீடியோ காலில்.

திருத்திய பதிவை ஜான்சி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாங்க. நாயப் சுபேதார். பதவி உயர்வு தேதி 11-02-2012. அவுங்க விரலை வைத்து ஒரு தடவை படித்தாங்க, பிறகு என் பக்கம் நகர்த்தினாங்க. நான் எத்தனை தடவை படித்தேனோ! முகம் தெரியாத எவனோ செய்த தப்பை, முகம் தெரியாத இன்னொருவர் உட்கார்ந்து பழைய கட்டைத் தேடித் திருத்தியிருக்கிறார். அவருக்கும் துஆ செய்தேன். தப்பு செய்தவனுக்கும் செய்தேன், போகட்டும் என்று.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். 'மனைவி பெயர்: முபீன்.'

முபீன்! ஆம்பளை! திருத்தும்போது என் கடைசி எழுத்து எங்கேயோ விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபோனுக்குள் சமீரா, "அத்தா, முபீன் பாயைக் கூப்பிடுங்க" என்று கத்துகிறாள். ஜான்சி மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "சார், அடுத்த மாசம் பாத்துக்கலாம், இன்னைக்கு ஸ்வீட் சாப்பிடுங்க" என்றாங்க.

அவுங்க மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பென்ஷனுக்கு நீ போய் நிக்கறப்ப நீ யாரும்மான்னு உன்னைக் கேப்பான். உன் பேரு தப்பா இருக்கக் கூடாது" என்றாங்க. தம் அடையைத் தொடவில்லை. "மேடம், ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க."

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினாங்க. தன் ரேங்குக்காக மனு எழுத மாட்டேன் என்று வீட்டை விட்டு வெளியே போன மனுஷன். என் பேரை எழுத்துக்கூட்டி, கேபிடல் எழுத்தில், ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு எழுதினாங்க.

"சரியா இருக்கான்னு பாரு" என்று நீட்டினாங்க. வாங்கிப் பார்த்தேன். என் பேர் சரியாக இருந்தது. கீழே கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, சுருக்காமல் முழுசாக எழுதியிருந்தாங்க: நாயப் சுபேதார்.