பேர் சொல்லாதது

17.7.1996, புதன்

பிள்ளைக்கு மூன்று நாளாய் வயிற்றூதல். விடாமல் அழுகிறான். பக்கத்து பிளாட் இந்தியாக்காரி மாலா காலையில் ஒரு கிண்ணத்தில் கறுப்பாய் எதையோ குழைத்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர் செலவே வேணாம்க்கா. பேர் சொல்லாததைச் சுட்டு, விளக்கெண்ணெயில இழைச்சிருக்கேன். தொப்புளைச் சுத்தித் தடவினா வாயு இறங்கிடும்."

"அது என்ன சாமான்?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே, பேர் சொல்லாதது!" என்று சிரித்தாள். தானே தடவியும் விட்டு, மிச்சத்தைக் கிண்ணத்தோடு வைத்துவிட்டுப் போனாள்.

பேரைச் சொல்லக்கூடாத மருந்து என்ன மருந்து? அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மூத்தவள் முப்பத்தோராம் நாளைக் காணாமலே கண்ணை மூடினவள். இவனையும் பறிகொடுக்க என்னால் ஏலாது. அவள் போனதும் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன்.

பின்னேரம் வந்து, "தூங்கினானாக்கா?" என்றாள்.

"ஓம், நல்ல நித்திரை," என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வீரிட்டான். ஓடிப்போய்த் தூக்கினாள். சட்டை மேலேறிக் கிடந்தது. துடைத்த வயிற்றைப் பார்த்தாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

இவர் வேலையால் வந்து கிண்ணத்தை மணந்து பார்த்தார். "விசரி, இது வசம்பு. அவையள் பேர் சொல்லமாட்டினம். சொன்னால் பலிக்காதாம்."

வசம்பு எனக்கும் தெரியும். கரிந்த மணத்தில் பிடிபடவில்லை. இவர் என்னை ஆற்றத்தான் அப்படிச் சொல்கிறாரோ தெரியாது. திரும்பவும் அழுகிறான். கிண்ணத்தில் தொட்டு முதலில் என் வயிற்றில் தடவியிருக்கிறேன். விடியும்வரை எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால், பிறகு அவனுக்கு.