ஜப்பான் அட்டையும் சுவீடன் அட்டையும்

தாராவி,
8-7-1965

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் சுகந்தானா?

பெட்டி செய்யும் அட்டைகளை அடுக்கி வைத்து விற்கும் எங்கள் கிட்டங்கியில் நேற்று ஒரு வேடிக்கை. வாங்க வந்த சேட், "ஜப்பான் அட்டைதான் அச்சா" என்றார். சுவீடன் அட்டையை வாங்கிக் குவித்திருக்கும் முதலாளி நம்பிராஜன் அண்ணாச்சி, "பத்து வருசத்துக்கு முன்ன அது வெறும் அப்பளம்லா!" என்று சிரித்தார். இரண்டிலும் பெட்டி செய்து என்னை ஏறி நிற்கச் சொன்னார். ஜப்பான் பெட்டி தாங்கியது. சுவீடன் பெட்டிக்குள் இடுப்புவரை இறங்கிவிட்டேன். "அட்டை நல்ல அட்டைதான் சேட், இவன் தீனி அப்படி!" என்றார் அண்ணாச்சி. சேட் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முழங்காலில் லேசான சிராய்ப்புதான். உன் சமையல் இல்லாமல் இளைத்துத்தான் போயிருக்கிறேன். மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பு.

உன் கடிதங்கள் அரைப்பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. இந்தக் கடிதத்தோடு நாலு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். இருபுறமும் எழுது. தபால்காரர் வந்துவிட்டார், இதை அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

உன்,
காசிராஜன்