ஷபீர் பேசி முடித்த வண்டி

ஆஃப்ரா,

கறி வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். உன் தம்பி ஷபீர் மதியம் அந்தப் பழைய டீசல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வருவான். சாவியை வாங்கிக்கொண்டு, சாப்பிட வைத்து அனுப்பு. எனக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சோலி இருக்கிறது.

தாண்டிக்குடியில் அவன் விலை பேசி முடித்ததும், வண்டிக்காரர் முன்னாலேயே அவனிடம், "இதுல உனக்கு எம்புட்டு கமிஷன்?" என்று கேட்டேன். நீ என்னோடு பேசாமல் இருப்பது நியாயம்தான். நேற்று அவனுக்குத் தெரியாமல் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியைக் காட்டினேன்.

"பழசுதான், ஆனா இஞ்சின் நல்லாருக்கு. கேக்குற வெல நியாயந்தாங்க. யாரு பாத்துப் பேசினது?" என்றார்.

என் மச்சான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டிக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் அப்படிக் கேட்ட பிறகும் இன்று அவன்தான் போய் வண்டியை எடுத்துவருகிறான்.

ஜுபைர்

வாசல் வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். மார்க்கெட்டில் ஒரு சோலியும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத்தான் அப்படி எழுதினேன். இப்போது செண்பகனூருக்கு, அவன் வீட்டுக்கே போகிறேன். வெரசாப் போனால் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம். அவனோடு தாண்டிக்குடிக்குப் போய், அதே வண்டிக்காரர் முன்னால் மன்னிப்புக் கேட்பேன். அதன்பிறகு அவன் என்னை வண்டியில் ஏற்றிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, பஸ்ஸில் வந்துகொள்கிறேன்.