தறி நின்ற ராத்திரி

அத்தை,

சாயங்காலம் உங்கள் பேரன் போன் செய்தான். ஊட்டிக்குப் போகும் சிநேகிதர்கள் இன்று ராத்திரி நம் வீட்டில் தங்குகிறார்களாம். சொல்வதற்கு இந்த நேரம்தான் கிடைத்ததா என்று அவனைத் திட்டிவிட்டு, பீரோவைத் திறந்து ஜமக்காளத்தை உதறினேன். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து நின்றால் எனக்கு இன்றைக்கும் கை கால் ஓடாது. உங்களுக்கோ அப்போதுதான் முந்தானை இடுப்பில் ஏறும்.

என் அப்பா வந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குக் கல்யாணமான புதிது. நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள். இங்கே கருமத்தம்பட்டியில் படுக்கிற அறைச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிக்குடோன். விசைத்தறிகள் விடிய விடிய தடதடவென்று ஓடும். வந்த நாள் முதல் எனக்குத் தூக்கமே இல்லை. உங்களிடம் சொல்லப் பயம். உங்கள் வாய் அப்படி! ஒருநாள் எஸ்.டி.டி. பூத்தில் நின்று அப்பாவிடம் அழுதுவிட்டேன்.

மறுநாளே பொழுது சாயும் நேரத்தில் வாசலில் வந்து நின்றார். கோயமுத்தூரில் வேலை இருந்தது, ஊர் பஸ்ஸை விட்டுவிட்டேன் என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது. நீங்கள் அவர் முகத்தையும் பார்த்தீர்கள், என் முகத்தையும் பார்த்தீர்கள். "வாங்கண்ணா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிட்டீர்கள். முன்னறைக் கட்டிலில் கிடந்த நூல் கோன்களெல்லாம் நொடியில் மாடிப்படிக்கு அடியில் போயின. மெத்தையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தீர்கள். புதுச் சோப்பு, புதுத் துண்டு, கொசுவர்த்தி எல்லாம் வந்தன. ஜன்னலைக்கூடச் சாத்தினீர்கள், ஏதோ சத்தம் ஜன்னல் வழியாகத்தான் வருகிற மாதிரி.

அந்தச் சந்தடியில் அப்பா சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "காலைல எங்கூடக் கெளம்பிரு கண்ணு. கொஞ்ச நாள் நம்மூட்ல இருந்துக்கோ." கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண் அப்படிப் போனால் ஊர் என்ன பேசும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. ஆனாலும் தலையாட்டினேன், பையையும் எடுத்து வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

சாப்பாடு முடிந்ததும் உங்கள் மகனைக் கூப்பிட்டுத் தறியை நிறுத்தச் சொன்னீர்கள். காலையில் துணி போக வேண்டும் என்று அவர் முணுமுணுத்தார். "சம்பந்தி தூங்கோணும், நிறுத்து" என்றீர்கள். சத்தம் அடங்கியது. இன்றைக்காவது நன்றாகத் தூங்கலாம் என்று நானும் உங்கள் பக்கத்தில் வந்து படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். கொழுந்தன் ஃபியூஸைப் பார்க்கப் போனான். பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து, ஒன்றும் பிரச்சினையில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார். நீங்கள் புரண்டு புரண்டு படுத்தீர்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, நானும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் கிடக்கிறேன். அந்தச் சத்தத்தில் எப்போது தூங்கப் பழகினேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. எரிச்சலில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அத்தை, தறிய ஓட்டச் சொல்லுங்க. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

முன்னறையில் அப்பாவின் கட்டில் கிறீச்சிட்டது. நீங்கள் எழுந்து போனீர்கள். ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கியதுதான் தெரியும், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அப்பா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். என்னை ஏன் எழுப்பவில்லை என்று அன்றைக்குத்தான் உங்களிடம் முதன்முதலாகச் சண்டை போட்டேன்.

"உங்கப்பாதான் எழுப்ப வேண்டாம்னாரு அம்மணி. ரெண்டு காதுலயும் வெரல உட்டுக்கிட்டு, நீ தூங்கறதக் கதவோரம் நின்னு பாத்துட்டே இருந்தாரு. அப்பறம் வாரனுங்கன்னுட்டுக் கெளம்பீட்டாரு."

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். பையிலிருந்த சேலைகளை நீங்களே எடுத்து மடித்து வைத்தீர்கள். அதற்கப்புறம் எனக்கு உங்களிடம் பயம் இருந்ததில்லை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், போகிறேன் என்று மட்டும் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள்தான் போய்விட்டீர்கள். அன்றைக்குத் தறியை நிறுத்தினோம். வீட்டில் யாரும் கண் மூடவில்லை. சத்தமில்லாததால்தான் தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காரியமெல்லாம் முடிந்து தறி மறுபடி ஓடியது. அன்று ராத்திரியும் எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தை.