மத்தியான வரைபடம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், அதனால் எழுதுகிறேன்.

நகரசபை வாசலில் உங்கள் திட்ட அலுவலகத்தின் புது வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். கீழே உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடமெல்லாம் "என் மச்சான் போட்டது" என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தைக் 'காலி இடம்' என்று எழுதி, அங்கே லாரி நிறுத்தம் வருகிறது என்று கோடு போட்டிருக்கிறாய்.

காலியா? சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வருகிறவர்களுக்கு நர்ஸுகள் நாங்கள் மாத்திரையோடு "தினமும் நடங்க" என்றும் சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் நடக்கிற ஒரே இடம் அதுதான். சாலையில் நடைபாதை கிடையாது. நெஞ்சுவலி வந்து பிழைத்த உன் மாமாவும் அங்கேதான் நடக்கிறார். இனி லாரிப் புகையில் நடக்கச் சொல்லவா? திட்டத்தைப் பற்றி ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கு முன்னால் மாற்றிவிடு, என் கண்ணு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்கா,

மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? அவர் சொல்வதை நம்பாதே, எண்ணிப் பார்.

நீ கேட்டது என்னால் முடியாது. எங்கள் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்துத்தான் காலி என்று எழுதினார்கள். அக்கா சொன்னாள் என்று மாற்றினால் நாளைக்கு ஊரே எனக்கு அக்காவாகிவிடும். ஆட்சேபம் இருந்தால் கூட்டத்தில் சொல்லலாம். ஆனால் தயவுசெய்து நீ வராதே, வேறு யாரையாவது அனுப்பு. என் மேலதிகாரி இருப்பார். இது நான் தனியாகப் போட்ட முதல் திட்டம்.

உன் தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

கூட்டம் முடிந்ததும் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய். உனக்காகச் சமைத்ததை நானும் மாமாவுமே சாப்பிட்டோம்.

"அதிகாரி அவர்களே" என்று உன்னைக் கூப்பிட்டது நக்கலுக்கு இல்லை. வாய் தவறி "டேய்" என்று வந்துவிடுமோ என்ற பயம். "உங்க ஆளுங்க எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தாங்க?" என்று நான் கேட்க, நீ "மத்தியானம்" என்று சொல்ல, மொத்த ஹாலும் சிரித்துவிட்டது. உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து நான் உட்கார்ந்துவிட்டேன். மண்டை பிளக்கிற வெயிலில் எந்த மைதானம்தான் காலியாக இருக்காது? நடப்பவர்கள் விடியற்காலையிலும் சாயங்காலமும் வருவார்கள்.

கேள்விக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஊர் சிரித்ததற்குக் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 9

தம்பி,

பதில் இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். மைதானம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ போய்விடக் கூடாது. திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

கோபம்தான். ஊருக்கு முன்னால் மானம் போனால் யாருக்குத்தான் வராது?

கூட்டம் முடிந்த அடுத்த வாரம், விடியற்காலையில் உனக்குத் தெரியாமல் மைதானத்துக்கு வந்தேன். ஆளே இல்லை என்று போட்டோ எடுத்து உன் வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பு. உள்ளே நுழைந்ததுமே ஒரு அம்மா, "புதுசா? சுகர் எவ்வளவு?" என்றார். "இல்லைங்க, நான் சும்மா..." என்று இழுத்தேன். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க, கையை வீசி நடங்க" என்று என்னையும் கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. அப்போது மாமா என்னைத் தாண்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா.

திட்டம் தப்பு என்று மேலதிகாரியிடம் நானே போய்ச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நேற்றுதான் கையெழுத்தானது. லாரி நிறுத்தம் ஊருக்கு வெளியே, வீடுகள் இல்லாத பக்கம் போகிறது. மைதானம் மைதானமாகவே இருக்கும், அங்கே போக நடைபாதையும் வரும். இனி இந்த வட்டாரத்தில் எந்த ஊருக்குத் திட்டம் போட்டாலும், முதல் கோடு போடுவதற்கு முன் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தைக் கலந்து பேச வேண்டும் என்று விதியும் எழுதிவிட்டோம். உங்கள் நிலையத்திலிருந்து பேச யார் வருவார் என்று எனக்குத் தெரியும். தலைவலி மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன்.

உன் தம்பி

ஏப்ரல் 21

என் தங்கமே,

கடிதத்தைப் படித்ததும் உன் மாமாவைத்தான் பிடித்துக்கொண்டேன். "அவன் வந்தது உங்களுக்குத் தெரியுமா? ஏங்க என்கிட்ட சொல்லலை?"

மனுஷர் தலையைச் சொறிந்தார். "கையெழுத்து ஆகறவரைக்கும் அக்காவுக்கு ஆசை காட்ட வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். தினமும் எனக்கு போன் பண்ணி, அக்கா சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு விசாரிச்சுட்டுத்தான் இருந்தான்."

நான் இங்கே அழுதுகொண்டிருக்க, நீங்கள் இருவரும் எனக்குப் பின்னால் கொஞ்சிக் குலாவியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வா, உனக்கு இருக்கிறது. நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். குறட்டை விட்டேன் என்று மாமா சொல்வார், நம்பாதே.

உன் அக்கா